மூன்று உலைக்கு ஒரு வீடு

பிறர் குடும்பம் தங்குவதற்கு வீடு பிடித்துக் கொடுப்பதை ஒரு தொழில் என்று சொன்னால் சிரிப்பவர்கள், அதை ஒரு முறையும் செய்து பார்க்காதவர்கள். செய்தவர்கள் சிரிப்பதில்லை, என்னைப்போல வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

எழுபதுகளின் நடுவில் காரைக்குடியில், ரயிலடிக்குப் போகிற சாலையில், ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பலகையில் என்னென்னவோ எழுதியிருந்தாலும் என் வேலை ஒன்றுதான். கோடை வந்தால் மலைக்குப் போக ஆசைப்படும் குடும்பங்களுக்குச் சமையலறையோடு கூடிய வீடு தேட வேண்டும். ஓட்டல் சாப்பாடு எங்கள் பக்கத்தவர்களுக்கு ஒருவேளைக்குப் பலகாரம், மறுவேளைக்கு வியாதி. ஆகையால் அறையைவிட அடுப்பு முக்கியம். பழைய இலக்கியத்தில் சமையலறைக்கு அட்டில் என்று பெயர், அதை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன், அவர் "அட்டிலோ தொட்டிலோ, புகை வெளியே போகுமா?" என்று கேட்டார். நீங்களும் பிறருக்காக வீடு பார்த்து அலைந்தவர் என்றால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

உலை ஒன்றாகாது

கண்டனூர் நாச்சம்மை ஆச்சி எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். மூணாறுக்கு மேலே வரையாடு மேய்கிற மலை அப்போதுதான் சரணாலயம் ஆகியிருந்தது. தேசியப் பூங்கா என்ற பெயர் பிறகு வந்தது. அதன் அருகில் பத்து நாள் குடும்பத்தோடு தங்க வீடு வேண்டும் என்றார். அவர், அவருடைய கணவர் லெட்சுமணன் செட்டியார், பெரிய மருமகள் உமையாள், சின்ன மருமகள் மீனாள், பேரப்பிள்ளைகள். மகன்கள் இருவரும் வியாபாரத்தை விட்டுக் கடைசி நாட்களில் வந்து சேர்வார்கள். வீட்டில் எத்தனை அறை, எவ்வளவு தண்ணீர் என்று எதையும் ஆச்சி கேட்கவில்லை. மூன்று சமையலறை இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

செட்டிநாட்டு வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் போனதும் அவனையும் மனைவியையும் 'வேறு வைப்பார்கள்'. வீடு அதேதான், முற்றம் அதேதான், வாசலும் அதேதான். அடுப்பு மட்டும் தனி. அரிசி, பருப்பு, பாத்திரம், செலவு எல்லாம் தனி. சண்டை வந்ததால் செய்வதல்ல. வராமல் இருக்கச் செய்வது. ஆனால் இந்த வீட்டில் வழக்கத்தையும் மீறி அது வந்திருந்தது. உமையாளும் மீனாளும் ஒருவரோடொருவர் பேசி வருஷக்கணக்காகிறது. காரணம் ஒரு வெண்கலப் பானை என்று அவர்களை மலைக்கு ஏற்றிச்சென்ற வேன் டிரைவர் பிறகு சொன்னார்; அந்தப் பானையின் முழுக் கதை எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆச்சியைக் கார் வரை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளி என்னை உள்ளே அழைத்தார். ஆச்சி ஒரு சொல் சொன்னால் இளையாத்தங்குடிக் கோயிலில் கூடுகிற அத்தனை புள்ளிகளுக்கும் போய்ச் சேரும் என்றார். புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதி, தனியாக ஒரு உலை வைப்பவர்கள். "அவுக பத்து நாளும் நிறைவா இருந்துட்டு வரணும். பாதியிலே திரும்பினா, நீர் பழையபடி டியூஷன் எடுக்கப் போகலாம்" என்றார். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டியூஷன் எடுத்த காலத்தில் நான் என்ன சாப்பிட்டேன் என்பதை என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. வாசலுக்கு ஓடிப்போய், புறப்படத் தயாராயிருந்த காரின் சன்னல் வழியே, ஒரே பெரிய சமையலறை என்றால் ஆகாதா என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ஆச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வீடு ஒண்ணா இருக்கலாம் தம்பி, உலை ஒண்ணா இருக்கப்படாது."

மத்தாயின் சந்தேகம்

மலை ஏறினேன். முதலில் பார்த்தது பழைய துரை பங்களா. எட்டு அறைகள், ஒரு சமையலறை. அதற்கும் ஒரு பட்லர் சொந்தம் கொண்டாடினார். தன் அடுப்பங்கரைக்குள் பெண்கள் நுழைந்தால் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். மூன்று பெண்கள் நுழைந்தால் என்ன செய்வார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டாவது, சரணாலயத்துக்கு நெருக்கமாக இருந்த ஒரு விடுதி. இடம் அருமை, ஆனால் தீ மூட்டக்கூடாது. மூன்றாவது, நாலாவது வீடுகளைப் பற்றி எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கப்போவதில்லை.

கடைசியில் கிடைத்தது மத்தாயின் வீடு. மத்தாய், எஸ்டேட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விறகடுப்போடு ஒரு சமையலறை, பக்கத்தில் ஒரு சாமான் அறை, முன்னால் கண்ணாடி அடைத்த ஒரு வராந்தா. சமையலறை ஆச்சிக்கு, சாமான் அறையில் ஒரு பம்ப் ஸ்டவ் வைத்தால் உமையாளுக்கு, வராந்தாவில் ஒரு திரி ஸ்டவ் வைத்தால் மீனாளுக்கு. மூன்றுக்கும் இடையில் சுவர் இருந்தது. இலக்கணப்படி மூன்று சமையலறைதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

மத்தாய்க்கு அது பிடிபடவில்லை. ஓட்டல் நடத்தப் போகிறோமா என்றார். இல்லை என்றேன். ஒருவருக்கு ஒருவர் தொற்றுகிற நோயா என்றார். இல்லை, இது வழக்கம், எல்லாரும் நல்லவர்கள், ஒரே குடும்பம் என்று வெகுநேரம் விளக்கினேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் தன் வீட்டுக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாரே, வர்றது குடும்பமா, கோர்ட்டு கேஸா?"

போடிமெட்டில் மூன்று பைகள்

புறப்படும் நாளில் எதற்கும் கூடவே போய்வரும்படி முதலாளி என்னையும் வேனில் ஏற்றிவிட்டார். வேனில் எல்லாம் மும்மூன்று இருந்தன. மூன்று அரிவாள்மனை, மூன்று உப்புச் சாடி, மூன்று ஊறுகாய், மூன்று சாக்குப்பை அரிசி. ஆச்சியுடையது பச்சரிசி; உமையாளுடையது புழுங்கல்; மீனாளுடையது சீரகச் சம்பா. மருமகள்கள் ஒருவர் முன் இருக்கையிலும் ஒருவர் பின் இருக்கையிலும் உட்கார்ந்து, எதிரெதிர் சன்னல் வழியாக ஒரே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கொண்டுபோவது கட்டுப்பாட்டில் இருந்ததை நினைவுள்ளவர்கள் அறிவார்கள். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு பை போகலாம் என்றார் அதிகாரி. இது மூன்று குடும்பம் என்றேன். ரேஷன் கார்டு கேட்டார். மூன்று கார்டுகளும் கண்டனூரில் மூன்று பெட்டிகளுக்குள் பத்திரமாக இருந்தன. இவர்கள் யார் என்று செட்டியாரைக் கேட்டார். "இவுக என் வீட்டுக்காரி, இதுக ரெண்டும் மருமகளுக" என்று செட்டியார் உள்ளதைச் சொன்னார். அப்படியானால் ஒரே குடும்பம்தானே என்றார் அதிகாரி. "ஒரே குடும்பம்தான், ஆனா வேற வேற" என்றார் செட்டியார். அதோடு எங்கள் வாதம் முடிந்தது.

மூன்று பையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, மூன்று சிறு முடிச்சாகக் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். அதைக் கேட்டதும்தான் அவர் நிஜமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறு சிறு முடிச்சாகக் கட்டிக்கொண்டு, தனித்தனி ஆள் என்று சொல்லிக்கொண்டு வருவதுதான் இந்தப் பாதையில் அரிசி கடத்துகிறவர்கள் வழக்கமாம். முடிச்சைக் கண்டால் வேனோடு பிடித்து வைப்பேன் என்றார். மூணாறு கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று ஆச்சியிடம் மெல்லச் சொன்னேன். "சிவப்பரிசியா?" என்றார் ஆச்சி. அந்த ஒரு சொல்லில் யோசனை செத்தது.

மேகம் இறங்கிச் சாலையை மூடத் தொடங்கியிருந்தது. ஒருவர் பையை மட்டும் கொண்டுபோனால் மற்ற இருவரும் பத்து நாளும் அவர் அரிசியில் உண்ண வேண்டும். யார் பை? உமையாள் தன் பையை விட்டுக்கொடுக்கவில்லை. மீனாள் சன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சி இருவரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிரைவரிடம் "வண்டியைத் திருப்புப்பா" என்றார். டிரைவர் சாவியைத் திருகிய சத்தத்தில் எனக்கு டியூஷன் காலத்து அல்ஜீப்ரா கணக்குகள் வரிசையாக ஞாபகம் வந்தன. அப்போது மீனாள் இறங்கினாள். ஒரு ஜமக்காளத்தைச் சாலையோரம் விரித்தாள். மூன்று பையையும் அவிழ்த்து அதன்மேல் கவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. ஒரு பையை நிரப்பிக் கட்டி, மிச்சத்தைப் போடிக்குப் போகிற பஸ்ஸில், எங்கள் வேன் டிரைவரின் மச்சான் வீட்டுக்கு ஏற்றிவிட்டாள். பிறகு கட்டிய பையை அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஒரு பை கேட்டீக. இந்தா, ஒரு பை."

கொதிநிலை

அன்று சாயங்காலம் மத்தாய் வீட்டில் மூன்று அடுப்பும் எரிந்தன. கலந்த அரிசியைப் படியால் அளந்து மூவரும் அந்த வேளைக்குத் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு, தத்தம் சுவருக்குப் பின்னால் போய்விட்டார்கள். மத்தாய் ஒரு வாளித் தண்ணீரோடு வாசலில் நின்றார். பம்ப் ஸ்டவ் சீறும்போதெல்லாம் அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் வேகிற நேரம் வேறு. போதாததற்கு, உயரமான இடத்தில் தண்ணீர் நூறு டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடாகாது. இதைச் சாமான் அறைச் சன்னலருகே நின்று உமையாளுக்கு விளக்கினேன். "கொதிக்குது பாருங்க, கொதிக்கலைங்கிறீக" என்றாள். அதற்குப் பிறகு அறிவியலை நான் என்னோடு வைத்துக்கொண்டேன்.

மூன்று பானையையும் இறக்கினார்கள். மூன்றிலும் ஒரே சோறு. பச்சரிசி கூழாகி, சம்பா குழைந்து, நடுவில் புழுங்கல் கல்லாக நின்றது. பேரப்பிள்ளைகள் மத்தாயிடம் ரொட்டி வாங்கித் தின்றார்கள். செட்டியார் ஆச்சி வைத்ததைத் தின்றார், இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஆச்சி ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அது கூழாகி விரலில் ஒட்டிக்கொண்டது. விடிந்ததும் வேன் வாசலில் நிற்கட்டும், என்ன செய்வதென்று காலையில் சொல்கிறேன் என்றார். போடிமெட்டில் காப்பாற்றிய வேலை இங்கே, ஒரு தட்டுக்குள், போய்க்கொண்டிருந்தது. உமையாள் தன் பானையை எடுத்துக்கொண்டு போகிறபோது, யாரையும் பார்க்காமல், வராந்தாப் பக்கம் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"கலக்குறவுகளுக்கு என்ன, வேக வைக்கிறவுகளுக்கில்ல தெரியும்."

சுளகு

காலையில் வேன் நின்றது. நானும் நின்றேன். உள்ளிருந்து பெட்டி எதுவும் வரவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தேன்.

வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் அந்த வீட்டில் கண்ணாடி வராந்தா ஒன்றுதான். அங்கே மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சுளகு, வேறு ஊர்களில் முறம் என்பார்கள்; அதில் அரிசி. மூவருக்கும் முன்னால் ஆளுக்கொரு கிண்ணம். வெள்ளையாக இருப்பது ஆச்சிக்கு, பழுப்பாக இருப்பது உமையாளுக்கு, பொடியாக இருப்பது மீனாளுக்கு. அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் சோற்றை அவரவர் தனியாக உண்பதற்காக மூவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாராட்டு இன்னும் வரவில்லை.

மீனாள் ஏதாவது சொல்வதென்றால் சுளகிடம் சொன்னாள். உமையாள் கண்ணாடியிடம் பதில் சொன்னாள். "பழுப்பெல்லாம் ஒருத்தருக்கே சொந்தமாம்" என்று சுளகிடம். "கண்ணு தெரியாதவுக பொறுக்க வந்துட்டாக" என்று கண்ணாடியிடம். ஆச்சி இருவருக்கும் நடுவே குனிந்த தலை நிமிராமல் பொறுக்கினார். எந்த நேரமும் சுளகு பறக்கும், வேன் கிளம்பும் என்று நான் நிலைப்படியில் காத்திருந்தேன். மீனாளின் விரல் ஒரு பழுப்பு மணியைத் தன் கிண்ணத்தில் போட்டது. உமையாள் கையை நீட்டி அந்த விரலையே பிடித்துவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். வெண்கலப் பானைக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான் என்று செட்டியார் எனக்குப் பிறகு சொன்னார்.

"அது என் அரிசிடீ, இங்குட்டுப் போடு."

ஆடு பார்க்கப் போனது

அன்றிலிருந்து வராந்தாவில் சத்தம் ஓயவில்லை. வெண்கலப் பானைப் பேச்சு வெளியே வந்தது. அதன் பின்னால் யாரோ கொடுக்காத தாம்பாளம், யாரோ சொல்லாமல் போன ஒரு கல்யாணம், எல்லாம் வந்தன. ஒரு நாள் உமையாள் அழுதாள். மறுநாள் மீனாள் முறை. வேளைக்கு வேண்டிய அரிசியைப் பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். அவசரத்தில் பொறுக்கியதில் பாதி தப்பாகப் போய், சோறு அப்படியேதான் இருந்தது. மத்தாய் தினமும் இரண்டு வேளை வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

வரையாடு பார்க்க வரும்படி நான் கூப்பிட்டதற்குப் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே செட்டியாரும் நானும் மட்டும் போனோம். பாறைமேல் ஆடுகள் எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் மேய்ந்தன. வரை என்றால் மலை, பழந்தமிழில் இந்த ஆட்டுக்கு வருடை என்று பெயர் என்று நான் ஆரம்பித்தேன். செட்டியார் "கண்டனூர்ல நம்ம வீட்டு வாசல்ல போஸ்டர் திங்கிற ஆடு மாதிரியே இருக்கு" என்றார். நான் தமிழையும் என்னோடு வைத்துக்கொண்டேன்.

உண்மையில் எனக்கு ஆட்டில் மனம் இல்லை. அன்று காலையில் வீட்டுக்குள் அழுகையும் கூச்சலும் உச்சத்தில் இருந்தன. புறப்படும் நேரத்தில் "கீழே போயிருவோம்" என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது. இதைக் கேட்காமல் என்னால் திரும்பி நடக்க முடியவில்லை. ஆச்சி ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னாரா என்று கேட்டேன். செட்டியார் மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார்.

"போயிருவோம்னு சொன்னது நான். இன்னும் அரைப் பை பொறுக்க இருக்குன்னு மூணு பேரும் வர மாட்டேங்கிறாக."

தீர்ப்பு

பத்து நாளும் இருந்தார்கள். கடைசியில் வந்த மகன்கள் இருவரும் வராந்தாவில் நடந்ததைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஊர் திரும்பும்போதும் மருமகள்கள் சண்டை போட்டுக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, வாய்க்கு வாய்.

மறுவாரம் ஆச்சி அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி என்னை உட்காரச் சொல்லவில்லை. வேனில் வந்த டிரைவர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்: போடிமெட்டு, கலந்த அரிசி, வேகாத சோறு, அழுகை. மூன்று சமையலறை என்று நான் சொன்னது ஒரு சமையலறையும் இரண்டு ஸ்டவ்வும்தான் என்பதையும் விடாமல் சொல்லியிருந்தார். முதலாளியின் முகத்தில் நான் ஏற்கனவே டியூஷன் வாத்தியார் ஆகியிருந்தேன். ஆச்சிக்குக் காப்பி வந்தது. அவர் அதை ஆற்றிக் குடித்தார். "வீட்டுல என்ன குறை இருந்தாலும் மறைக்காமச் சொல்லுங்க ஆச்சி, நான் பார்த்துக்கிறேன்" என்றார் முதலாளி, என்னைப் பார்த்துக்கொண்டே.

ஆச்சி தம்ளரைக் கீழே வைத்தார்.

"வீட்டுல ஒரு குறையுமில்ல. சோறுதான் ஒரு நாளும் உருப்படியா வேகல. அதுக்கு இந்தத் தம்பி என்ன பண்ணும்? அது எங்க வீட்டு அரிசி."

அதே வேலையில் நீடித்து, அதற்குப் பிறகு பல வருஷம் என் வீட்டில் நான் உண்ட, நன்றாக வெந்த சோறு முழுவதும், மலைமேல் வேகாமல் போன அந்தச் சோற்றின் தயவு என்று சொன்னால், என் மனைவி ஒருத்திதான் இன்னும் நம்ப மறுக்கிறாள்.